பதினெட்டு வயசுப் பையன்... பதினெட்டு வருஷச் சிலை!

டிஸ்க்ரீட் மேத்ஸ் படிச்ச எல்லாருக்கும் கோனிக்ஸ்பெர்க் தெரியும். ஊருக்குள்ளே ஏழு பாலம்... ஒவ்வொண்ணையும் ஒரே ஒரு தடவைதான் கடக்கணும்... முடியுமா? முடியவே முடியாதுனு 1736-ல் ஆய்லர் நிரூபிச்சுக் காட்டினாரே, அதே ஊர்தான்! செமஸ்டரில் ரெண்டு மார்க் வாங்கிக் கொடுத்ததோடு அந்த ஊரை நாம் மறந்தாச்சு. ஆனால், அங்கே 1867-ல் பிறந்த ஒருவரை உலகம் இன்னும் மறக்கவில்லை. பெயர், கேத்தே கோல்விட்ஸ். ஜெர்மனியின் ஓவியர், சிற்பி.

போரின் சோகத்தை வரைந்தவர்கள் நிறையப் பேர் இருக்காங்க. கேத்தே எதில் வித்தியாசம் தெரியுமா? அவர் போரைப் பற்றிச் செதுக்கிய படங்களில் துப்பாக்கி கிடையாது. பதுங்குகுழி கிடையாது. எதிரி கிடையவே கிடையாது. ஆனாலும், பார்த்தால் நெஞ்சு கனத்துப் போகும். அது எப்படினு தேடிப் போனால், நடுவில் ஒரு பையன் நிற்கிறான். பீட்டர். கேத்தேயின் சின்ன மகன். வயசு 18. ஏறக்குறைய நம்ம செட்!

தறி... பசி... தங்க மெடல்!

பீட்டர் கதைக்கு முன்னாடி அம்மா கதை. கேத்தேயின் அப்பா கட்டட வேலை செய்தவர். மகள் நன்றாக வரைகிறாள் என்று தெரிந்ததும் படிக்க அனுப்பிய மனிதர். அந்தக் காலத்தில் பெர்லின் ஓவிய அகாடமியில் பெண்களுக்கு அட்மிஷனே கிடையாது. அதனால் பெர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கென்று தனியாக இருந்த பள்ளிகளில்தான் படித்தார்.

1891-ல் கல்யாணம். கணவர் கார்ல் கோல்விட்ஸ், தொழிலாளர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர். பெர்லினில் ஏழைத் தொழிலாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஏரியாவில் வீடு. அதே கட்டடத்தில் கிளினிக். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள், வேலை போன புருஷன், குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், மறுபடி கர்ப்பமானதை நினைத்து அழுகிற பெண்கள்... எல்லாரும் கேத்தேயைத் தாண்டித்தான் போய்வந்தார்கள். சிலர் டாக்டரிடம் சொல்லாததை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தொழிலாளிகளை வரைய ஆரம்பித்தது பரிதாபத்தால் இல்லை, அவர்கள் அசைவும் உடம்பும் அழகாகப் பட்டதால்தான் என்று கேத்தேயே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கஷ்டம் புரிந்தது அதுக்கப்புறம்தான். எவ்வளவு நேர்மை பாருங்க!

1893-ல் ஒரு நாடகம் பார்த்தார். கெர்ஹார்ட் ஹாப்ட்மன் எழுதிய 'நெசவாளர்கள்'. 1844-ல் சிலேசியா நெசவாளர்கள் கூலி கேட்டுக் கிளர்ந்தெழுந்து, ராணுவத்தால் ஒடுக்கப்பட்ட கதை. பார்த்துவிட்டு வந்தவர், கையில் இருந்த வேலையை ஓரங்கட்டிவிட்டு நாலு வருஷம் இதிலேயே மூழ்கினார். ஆறு படங்கள். முதல் படத்திலேயே தறி நிற்கிற இருட்டு வீடு, படுக்கையில் சாகக் கிடக்கிற குழந்தை, தலையைக் கையில் தாங்கிய அம்மா. காஞ்சிபுரம் பக்கமோ சேலம் பக்கமோ தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

1898-ல் பெர்லின் கண்காட்சியில் வைத்தார். ஜூரி தங்க மெடலுக்கு சிபாரிசு செய்தது. கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் 'நோ' சொல்லிவிட்டார். அரசாங்க மெடல் கிடைக்கவில்லை. ஆனால், கேத்தே யாரென்று நாட்டுக்கே தெரிந்துபோனது.

அப்பா வேணாம்னார்... அம்மா அனுப்பினார்!

1903-ல் கேத்தே ஒரு படம் செய்தார். செத்த குழந்தையை மடியில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிற ஒரு தாய். பார்க்கவே பயமாக இருக்கும்; ஒரு மிருகம் தன் குட்டியை அணைத்திருப்பது போல. மாடல் யார் தெரியுமா? கண்ணாடி முன்னால் கேத்தே. கையில், அவரே தூக்கிவைத்துக்கொண்ட ஏழு வயசு பீட்டர்.

பதினோரு வருஷம் கழித்து, 1914 ஆகஸ்ட். முதல் உலகப் போர் ஆரம்பம். ஜெர்மனி முழுக்கக் கொடி, பாட்டு, பூ. பீட்டர் அப்போது ஃப்ரெண்ட்ஸோடு நார்வேயில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தவன், பட்டாளத்தில் சேரணும் என்று ஒற்றைக்காலில் நின்றான். 21 வயசு ஆகாததால் அப்பாவின் சம்மதம் வேண்டும். நமக்கு ஹாஸ்டல் அவுட்பாஸுக்கே அப்பா கையெழுத்து கேட்கிறாங்களே, அந்த மாதிரி. ஆனால், இது திரும்பி வருவதற்கு உத்தரவாதமே இல்லாத அவுட்பாஸ்.

கார்ல் முடியாது என்றார். பீட்டர் அம்மாவைப் பார்த்தான். அம்மா, மகனுக்காகக் கணவரிடம் பேசினார். கார்ல் சம்மதித்தார்.

அக்டோபரில் பெல்ஜியத்துக்குப் போனான். அதே அக்டோபர் 22-23 இரவில், டிக்ஸ்மூடே என்ற ஊருக்குப் பக்கத்தில் குண்டடி பட்டுச் செத்தான். போர்முனைக்குப் போய் இரண்டு வாரம்கூட முழுசாக ஆகவில்லை.

இனிமேல் கேத்தே செய்த ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் இந்த ஒரு சம்மதம் இருக்கிறது. வெறும் சோகம் என்றால் அழுது தீர்த்திருக்கலாம். ஆனால், 'நானும்தானே அனுப்பினேன்' என்கிற எண்ணத்தை எங்கே கொண்டு போய்த் தீர்ப்பது?

ஆசிட், கல், கட்டை!

கேத்தே ஆயில் பெயின்டிங் ஆள் இல்லை. காப்பி காப்பியாக அச்சடிக்கக்கூடிய படங்கள்தான் அவருடைய ரூட். காரணம் சிம்பிள். ஒரு ஆயில் பெயின்டிங் ஒரு பணக்காரர் வீட்டுச் சுவரோடு முடிந்துவிடும். அச்சுப் படம் பத்து, நூறு என்று பெருகும், விலை குறையும், போஸ்டராகச் சுவரில் ஒட்டலாம். இதில் மூன்று டெக்னிக். நம்ம லேப் பாஷையிலேயே சொல்றேன்.

எச்சிங்: இ.சி.இ. பசங்க பி.சி.பி. போர்டை ஃபெர்ரிக் குளோரைடில் ஊறப்போட்டிருப்பீங்க. அதே தத்துவம்தான். உலோகத் தகட்டின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு. ஊசியால் கீறி வரைய வேண்டியது. ஆசிடில் போட்டால் கீறின இடத்தை மட்டும் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, ஈரப் பேப்பரை வைத்து அழுத்தினால் படம் ரெடி.

லித்தோகிராஃப்: எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது என்கிற கெமிஸ்ட்ரி. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசை உள்ள க்ரேயானால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால் கோட்டில் மட்டும் மை பிடிக்கும். போஸ்டருக்கு இதுதான் சரி. நேராகக் கரித்துண்டால் வரைந்த மாதிரியே இருக்கும்.

மரச்செதுக்கு: பலகையில் வெட்டி எடுத்த இடம் வெள்ளை. விட்டுவைத்த இடம் கறுப்பு. அவ்வளவுதான். ஃபர்ஸ்ட் இயர் கார்பென்ட்ரி லேபில் ஜாயின்ட் செதுக்கினவங்களுக்குத் தெரியும், உளி கொஞ்சம் ஓடிவிட்டால் திரும்ப ஒட்டவே முடியாது!

போர் முடிந்து வருஷங்கள் ஆகியும் கேத்தேயால் அந்தப் போரைப் படமாக்க முடியவில்லை. எச்சிங்கில் முயன்றார், லித்தோவில் முயன்றார். திருப்தி இல்லை. 1920-ல் எர்ன்ஸ்ட் பார்லாக் என்ற சிற்பியின் மரச்செதுக்குப் படங்களைக் கண்காட்சியில் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. 50 வயசு தாண்டிய பிறகு, புதுசாக உளியைப் பிடித்தார்.

துப்பாக்கியே இல்லாத போர்!

அப்படி வந்ததுதான் 1922-23-ல் முடித்த 'போர்' வரிசை. ஏழே ஏழு படங்கள்.

ஒன்றில், ஒரு தாய் தன் கைக்குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுக்கிறாள். தலைப்பு 'பலி'. அடுத்ததில் சாவு முரசடித்துக்கொண்டு முன்னால் போகிறது. பின்னால் இளைஞர்கள் மயக்கம் பிடித்தவர்கள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு போகிறார்கள். தலைப்பு 'தொண்டர் படை'. சாவுக்குப் பக்கத்தில் இருப்பது பீட்டர். மூன்றாவதில் ஒரு அப்பாவும் அம்மாவும் மண்டியிட்டு, ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, ஒரே கறுப்புக் கட்டியாகிப் போகிறார்கள். அப்புறம் ஒரு கர்ப்பிணி விதவை. குழந்தையோடு மல்லாந்து கிடக்கிற இன்னொரு விதவை. பிள்ளைகளை நடுவில் விட்டு வட்டமாகக் கட்டிக்கொண்டு நிற்கிற தாய்மார்கள். கடைசியில், வெறித்த முகங்களுக்கு நடுவே குழந்தையைத் துணிக்குள் மறைத்து நிற்கிற ஒரு பெண்.

அதே வருஷங்களில், போர்முனையில் நேரில் நின்ற ஓட்டோ டிக்ஸ் என்ற ஓவியர் 50 எச்சிங் படங்கள் செய்து 1924-ல் வெளியிட்டார். பதுங்குகுழி, விஷவாயு, அழுகிய பிணம், எல்லாம் அதில் உண்டு. டிக்ஸ் பார்த்ததை டிக்ஸ் காட்டினார். கேத்தே போர்முனைக்கே போகாதவர். அதனால் பார்க்காததைக் கற்பனை பண்ணவில்லை. தனக்குத் தெரிந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். தந்தி வந்த வீடு!

ஒரு போர்க்களத்தில் ஆயிரம் பேர் செத்தால் அது நியூஸ். அந்த ஆயிரம் பேருக்கும் ஆயிரம் வீடு இருக்குமே, அங்கே என்ன நடந்திருக்கும்? நம்ம கண்ணில் படாமல் போகிற அந்த மிச்சக் கணக்கைத்தான் கேத்தே போட்டுக் காட்டினார்.

பீட்டரை எடுத்துட்டா..?

இப்போ தலைப்பில் சொன்ன சிலைக்கு வருவோம்.

பீட்டர் செத்த அதே வருஷம் டிசம்பரிலேயே அவனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய முடிவெடுத்தார் கேத்தே. முதல் டிசைனில் பீட்டர் நீட்டிப் படுத்திருந்தான். தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. மகனோடு செத்த மற்ற இளைஞர்களுக்கும் அது சின்னமாக இருக்கணும் என்பது ஆசை. செய்தார், மாற்றினார், மறுபடி செய்தார். 1919-ல், முடியவில்லை என்று நிறுத்தியேவிட்டார். ஐந்து வருஷம் கழித்து மறுபடி கையில் எடுத்தார்.

இந்தத் தடவை டிசைனில் ஒரு பெரிய மாற்றம். பீட்டரைக் காணோம்! அப்பா, அம்மா மட்டும். தனித்தனிப் பீடத்தில், நடுவில் இடைவெளி விட்டு, இருவரும் மண்டியிட்டிருக்கிறார்கள். அப்பா முதுகை நிமிர்த்தி, கைகளை நெஞ்சோடு இறுக்கிக் கட்டியிருக்கிறார், விட்டால் உடைந்துவிடுவோமோ என்பது போல. அம்மா அப்படியே முன்னால் கவிழ்ந்து கிடக்கிறார். அப்பா முகத்தில் கார்லின் சாயல். அம்மா முகத்தில் கேத்தே.

மகனைச் சுற்றியே யோசித்த வரைக்கும் வராத சிலை, மகனை எடுத்ததும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், காரணம் இதுதான். பீட்டர் படுத்திருந்தால் நாம் பீட்டரைப் பார்ப்போம். 'பாவம், வீரன்' என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். பீட்டர் இல்லாதபோது, அவனை அனுப்பினவர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அனுப்பினவர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். அது அழுகை மட்டுமில்லை, மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இருக்கிறது. அந்தக் காலத்துப் போர் நினைவுச் சின்னங்களில் வாள், சிங்கம், கழுகு என்று எதாவது கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும். இதில் வாள் இல்லை, கொடி இல்லை, வெற்றி இல்லை.

1932-ல், பீட்டர் புதைக்கப்பட்டிருந்த பெல்ஜியக் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கருங்கல் சிலைகளை வைத்தார்கள். பதினெட்டு வயசுப் பையனுக்கு, பதினெட்டு வருஷ வேலை! 1950-களில் கல்லறைகளை ஒன்றாகச் சேர்த்தபோது பீட்டரும் சிலைகளும் ஃபிளாட்ஸ்லோ என்ற இடத்துக்கு மாறினார்கள். அங்கே 25,000-க்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். சிலைக்கு முன்னால் தரையில் பதித்த கல் பலகையில், பல பேரோடு பேராக பீட்டர் கோல்விட்ஸ்.

விதைநெல்!

கேத்தே சிலையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1918 அக்டோபரில் ஜெர்மனி தோற்றுக்கொண்டிருந்த நேரம். ரிச்சர்ட் டேமல் என்ற கவிஞர், கடைசியாக ஒரு தடவை எல்லாரும் போருக்கு வாங்க என்று அறிக்கை விட்டார். கேத்தே பத்திரிகையில் பகிரங்கமாகப் பதில் எழுதினார். போதும், இனி ஒருத்தர்கூடச் சாகக் கூடாது என்பதுதான் சாரம். 1914-ல் மகனுக்காகப் பரிந்து பேசிய அதே அம்மாதான், நாலு வருஷம் கழித்து நாட்டின் முன்னால் எழுந்து நின்று வேண்டாம் என்றார்.

1919-ல் பிரஷ்ய கலை அகாடமி அவரை உறுப்பினராக்கியது. அவர் சும்மா உட்காரவில்லை. பட்டினி கிடந்த குழந்தைகளுக்காக போஸ்டர், ரொட்டி கேட்டு அம்மாவின் முந்தானையை இழுக்கிற பிள்ளைகள், 1924-ல் கையை உயர்த்தி 'போர் இனி வேண்டாம்' என்று கத்துகிற இளைஞன்... அந்த போஸ்டர் ஒரு இளைஞர் மாநாட்டுக்காகச் செய்தது என்பதைக் கவனிங்க. பெரியவங்ககிட்ட சொல்லிப் பார்த்துட்டு, நேரா பசங்ககிட்டயே வந்துட்டார்!

1933-ல் ஹிட்லர் வந்ததும் அகாடமியிலிருந்து விலகச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கண்காட்சிகளின் கதவு மூடியது. 1936-ல் ரகசியப் போலீஸ் வீட்டுக்கே வந்து, முகாமுக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டியது. 1939-ல் இரண்டாம் உலகப் போர். 1940-ல் கார்ல் இறந்தார்.

கேத்தேயின் பெரிய மகன் ஹான்ஸ், தன் மகனுக்குத் தம்பியின் பெயரையே வைத்திருந்தார். பீட்டர். 1942-ல் அந்தப் பேரனும் ரஷ்யப் போர்முனையில் செத்தான்.

கேத்தேயின் கடைசி லித்தோகிராஃப் அந்தச் சமயத்தில் வந்ததுதான். ஒரு கிழவி, தன் கோட்டுக்குள் மூன்று பையன்களை அமுக்கிப் பிடித்திருக்கிறாள். பசங்க முகத்தில் சோகம் இல்லை. வெளியே ஓடத் துடிக்கிற குறும்பு. 1914-ன் பீட்டர் மாதிரியே. கிழவி கையை மேலே போட்டு விடமாட்டேன் என்கிறாள். விதைக்கிற தானியத்தை அரைக்கக் கூடாது என்பதுதான் தலைப்பு. 1918-ல் பத்திரிகையில் எழுதியதும் இதே விஷயம்தான். எவ்வளவு பசியிலும் விதைநெல்லில் கை வைக்காத விவசாயி வீட்டிலிருந்து காலேஜுக்கு வந்தவங்க நம்மில் எத்தனை பேர்! இதுக்கு மேல விளக்கணுமா?

1943 நவம்பரில் பெர்லின் வீடு குண்டுவீச்சில் போனது. 1945 ஏப்ரல் 22-ல் கேத்தே இறந்தார். ஐரோப்பாவில் போர் முடிய இன்னும் 16 நாள்தான் பாக்கி.

ஷாங்காய் டு சாந்திநிகேதன்!

இத்தனை செய்தும் போர் நிற்கவில்லையே, அப்புறம் என்ன பிரயோஜனம் என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். சிலை வைத்து ஏழே வருஷத்தில் இன்னொரு உலகப் போர். படத்தால் பீரங்கியை நிறுத்த முடியாது, ஒத்துக்கலாம்.

ஆனால் ஒண்ணு. 1931-ல் ஷாங்காயில் ரோ ஷி என்ற இளம் எழுத்தாளரை ரகசியமாகச் சுட்டுக் கொன்றார்கள். ஊரிலிருந்த, பார்வை மங்கிய அவருடைய அம்மாவுக்கு விஷயமே தெரியாது. அவருடைய நண்பரும் பெரிய எழுத்தாளருமான லூ சுன்னால் வெளிப்படையாக அஞ்சலி எழுத முடியாத சூழ்நிலை. அவர் என்ன செய்தார்? கேத்தேயின் 'பலி' படத்தை ஒரு பத்திரிகையில் அச்சிட்டார். குழந்தையைத் தூக்கிக் கொடுக்கிற தாய். புரியவேண்டியவர்களுக்குப் புரிந்தது. 1936-ல் கேத்தேயின் படங்களைத் தொகுத்து ஒரு புத்தகமே கொண்டுவந்தார்.

நம்ம நாட்டிலும் தொடர்பு உண்டு. சிட்டகாங்கில் பிறந்த சோம்நாத் ஹோர் (1921-2006), 1943 வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து வரைந்தவர். கேத்தேயின் படங்கள் அவரைப் பாதித்தவை. பிறகு சாந்திநிகேதனில் வேலை பார்த்த அவர், 1970-களில் 'காயங்கள்' என்ற வரிசை செய்தார். வெள்ளைக் காகிதக் கூழில் வெள்ளையாகவே கீறல்கள், வெட்டுகள். மை இல்லை, ஆளும் இல்லை. தடவிப் பார்த்தால் தோல் கிழிந்த மாதிரி இருக்கும். கேத்தே மகனை எடுத்தார். இவர் மனுஷனையே எடுத்துவிட்டுக் காயத்தை மட்டும் வைத்தார்.

ஆக, ஒரு ஜெர்மன் அம்மாவின் துக்கம் சீனாவில் ஒரு அம்மாவுக்குப் பொருந்துகிறது, வங்கத்து ஓவியர் கைக்கும் வழி காட்டுகிறது. படத்தில் எதிரி இல்லாததால்தான் அது முடிந்தது. கொடி இருந்திருந்தால் அது ஒரு நாட்டோடு நின்றிருக்கும்.

பெர்லினில் 'நோய வாஹே' என்ற நினைவு மண்டபம் இருக்கிறது. செத்த மகனை மடியில் போட்டிருக்கும் தாயாக 1930-களின் கடைசியில் கேத்தே செய்த சின்னச் சிலையைப் பெரிசாக்கி, 1993-ல் அங்கே வைத்தார்கள். அதற்கும் சண்டை வந்தது. கொன்றவர்களுக்கும் கொல்லப்பட்டவர்களுக்கும் ஒரே சிலையா என்று கேட்டார்கள். முக்கியமான கேள்விதான். இன்னும் அந்த வாதம் முடியவில்லை. மண்டபத்தில் வேறு எந்தச் சிலையும் கிடையாது. கூரையில் ஒரு வட்ட ஓட்டை. மழை பெய்தால் மழை, பனி விழுந்தால் பனி, நேராக அந்தத் தாயின் மேல்.

அடுத்த தடவை வார் மூவி பார்க்கும்போதோ, நியூஸில் வெடிச்சத்தம் கேட்கும்போதோ ஒரே ஒரு வேலை செய்யுங்க ஃப்ரெண்ட்ஸ். ஸ்கிரீனில் இருக்கிறவங்களைப் பார்த்த மாதிரி, இல்லாதவங்களையும் கொஞ்சம் தேடிப் பாருங்க. அவனை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது யாரு?